லிட்டில் வெனிஸிலிருந்து லைம்ஹவுஸ் வரை: லண்டனின் ரீஜன்ட்ஸ் கால்வாய்க் கரையில் ஒரு நாள் நடை

லண்டன் மாநகரத்தின் மேற்குப் பகுதியிலிருந்து கிழக்குப் பகுதி வரை, பேருந்து ஓடும் சாலைகளில் அதிகம் கால் வைக்காமல், பெரும்பாலும் தண்ணீரின் ஓரமாகவே நடந்து போய்விட முடியும் என்று சொன்னால், அந்த ஊரில் பல ஆண்டுகளாகக் குடியிருப்பவர்கள்கூட நம்பத் தயங்குகிறார்கள். பாடிங்டனுக்கு அருகிலுள்ள லிட்டில் வெனிஸில் தொடங்கி, தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள லைம்ஹவுஸில் முடியும் ரீஜன்ட்ஸ் கால்வாய்தான் அந்த வழி. அதன் நீளம் ஏறத்தாழ 13.8 கிலோமீட்டர். வழியில் ரீஜன்ட்ஸ் பூங்கா, பிரிம்ரோஸ் ஹில், விக்டோரியா பூங்கா ஆகிய மூன்று பழைய பூங்காக்கள் கால்வாயை ஒட்டியே இருக்கின்றன. மலையேறிப் பழக்கமில்லாதவர்களும், அறுபதைக் கடந்தவர்களும், நடக்கத் தெரிந்த குழந்தைகளும் போகக்கூடிய எளிய நடை இது. நான் இதைப் பல பருவங்களில் நடந்திருக்கிறேன். முதல் முறை போகிறவருக்கு எவையெல்லாம் தெரிந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேனோ, அவற்றை வழியின் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

புறப்படுவதற்கு முன்

முதலில், காலடியில் இருக்கும் பாதை எதற்காகப் போடப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆங்கிலத்தில் டோபாத் என்று வழங்கும் இந்த இழுவைப் பாதை மனிதர்கள் உலாவுவதற்காகப் போட்டதல்ல. கயிறு கட்டிப் படகை இழுத்துச் செல்லும் குதிரைக்காகப் போட்டது. சாலையில் வண்டி இழுக்கும் குதிரை, அதே உழைப்பில், தண்ணீரில் மிதக்கும் படகில் பல மடங்கு சுமையை இழுத்துவிடும். ரயில் வருவதற்கு முன்பு நிலக்கரி, மரம், செங்கல், தானியம் என்று கனமான சரக்கெல்லாம் கால்வாய் வழியே போனதற்குக் காரணம் அதுதான். குதிரையை மனத்தில் வைத்துக்கொண்டு நடந்தால், பாலத்தின் தூணில் உள்ள கீறலும், கரையில் தண்ணீருக்குள் இறங்கும் சிறு சரிவும், சுரங்கத்தின் வாயில் பாதை திடீரென்று நின்றுபோவதும் தாமாகவே பொருள் சொல்லத் தொடங்கும்.

இந்தக் கால்வாய்க்கு 1812-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அனுமதி அளித்தது. அப்போது அரசப் பிரதிநிதியாக ஆட்சி நடத்தியவர் பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரானார். ரீஜன்ட் என்ற அவருடைய பதவிப் பெயரே கால்வாய்க்கும் பூங்காவுக்கும் சூட்டப்பட்டது. திட்டத்தின் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் கட்டடக் கலைஞர் ஜான் நாஷ். பொறியாளராகப் பணியாற்றியவர் ஜேம்ஸ் மோர்கன். பாடிங்டனிலிருந்து கேம்டன் வரையிலான பகுதி 1816-இலும், மீதிப் பகுதி 1820-இலும் திறக்கப்பட்டன.

எந்தத் திசையில் நடப்பது என்று கேட்டால், மேற்கிலிருந்து கிழக்காக என்றே சொல்வேன். கேம்டனுக்குப் பிறகு தண்ணீர் 12 லாக்குகளின் (படகை ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டிகளின்) வழியாக ஏறத்தாழ 26 மீட்டர் கீழே இறங்கித் தேம்ஸை அடைகிறது. அதன் கூடவே நாமும் இறங்கிக்கொண்டே போவோம். முழு வழியையும் பூங்காக்களின் சுற்றோடு நடந்தால் பதினாறு கிலோமீட்டர் அளவில் வரும். காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டால், நிதானமாகப் பார்த்து, உட்கார்ந்து, சாப்பிட்டு, மாலைக்குள் முடித்துவிடலாம். அவ்வளவு தூரம் வேண்டாம் என்பவர்கள் பாதி வழியில், கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தருகே நிறுத்திக்கொண்டு, மறுபாதியை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்வதே சரி. அவசரமாக ஓடி முடிப்பதில் இந்த நடைக்குரிய எதுவும் கிடைக்காது.

மே, ஜூன் மாதங்கள் மிகவும் ஏற்றவை. குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். கால்வாய்க் கரையில் பல இடங்களில் விளக்கு கிடையாது என்பதால் இருட்டுவதற்குள் மேலே சாலைக்கு வந்துவிட வேண்டும். வழுக்காத அடிப்பகுதி கொண்ட காலணி அவசியம். மழைக்குப் பின் பாலங்களின் அடியில் உள்ள பழைய கருங்கற்கள் சோப்புத் தடவியது போலிருக்கும். கரையோரத்தில் கழிப்பறை அரிது; பூங்காக்களிலும் கிங்ஸ் கிராஸிலும் உள்ளவற்றைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சைக்கிள் ஓட்டுபவர்கள் மணியடித்துக்கொண்டு வருவார்கள். நடப்பவருக்கே முன்னுரிமை என்பது இந்தப் பாதையின் விதி என்றாலும், பாலத்தடியில் பாதை குறுகி, எதிரே வருபவர் தெரியாமல் வளையும் இடங்களில், குழந்தைகளைச் சுவர்ப் பக்கமாக விட்டு ஒருவர் பின் ஒருவராகப் போவதே பாதுகாப்பு.

லிட்டில் வெனிஸிலிருந்து பூங்காவின் விளிம்பு வரை

பேக்கர்லூ சுரங்க ரயில் பாதையில் உள்ள வாரிக் அவென்யூ நிலையத்தில் இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால், மூன்று நீர்வழிகள் கூடும் அகன்ற குளம் ஒன்று வரும். 1801-இல் திறக்கப்பட்ட பாடிங்டன் கிளைக் கால்வாயோடு ரீஜன்ட்ஸ் கால்வாய் சேருமிடம் அது. கவிஞர் ராபர்ட் பிரௌனிங் இதன் அருகே வசித்ததால் அவர் பெயராலும் இந்தக் குளத்தை அழைப்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் மே மாதத் தொடக்கத்தில் வரும் விடுமுறை நாட்களில் வண்ணம் தீட்டிய படகுகள் இங்கே கூடும் விழா 1983 முதல் நடந்து வருகிறது. வாய்ப்பிருந்தால் அந்த நாட்களில் ஒரு முறை வந்து பாருங்கள். ஆனால் நடைக்கு வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

குளத்திலிருந்து கிழக்கே போகும்போது, கரையோரப் பாதையின் முதல் பகுதி அங்கே படகில் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே உரியது என்பதால், அதற்கு மேலே உள்ள புளோம்ஃபீல்ட் சாலையின் நடைபாதையில் செல்ல வேண்டும். எட்ஜ்வேர் சாலையைக் கடக்கும் இடத்தில் கால்வாய் 249 மீட்டர் நீளமுள்ள மைடா ஹில் சுரங்கத்துக்குள் புகுந்துவிடும். சுரங்கத்தினுள் நடைபாதை இல்லை. அந்தக் காலத்தில் குதிரையை இங்கே அவிழ்த்து மேலே நடத்திக்கொண்டு போனார்கள். நாமும் அதைப் போலவே எதிரே உள்ள அபர்டீன் பிளேஸ் தெருவில் நேராகப் போய், தெரு வளையும் இடத்தில் படியிறங்கி மீண்டும் தண்ணீரோரம் வந்துவிடலாம். சக்கர நாற்காலியிலோ குழந்தை வண்டியிலோ வருபவர்களுக்கு இந்த முதற்பகுதி சிரமம். அவர்கள் நேரே ரீஜன்ட்ஸ் பூங்காவிலிருந்து தொடங்கட்டும்.

மேரிலிபோன் நிலையத்துக்குப் போகும் ரயில் பாலங்களின் இருட்டைக் கடந்ததும் காட்சி ஒரேயடியாக மாறும். எதிர்க்கரையில் வெள்ளை மாளிகைகளும், தண்ணீர் வரை இறங்கும் புல்வெளிகளும் வரிசையாக வரும். அவை பார்ப்பதற்கு நாஷ் காலத்தவை போலிருந்தாலும், 1980-களின் இறுதியிலிருந்து கட்டப்பட்டவை. நடக்கும்போது காலடியில் சிமென்ட் பலகைகள் பதித்திருப்பதையும் கவனியுங்கள். செயின்ட் ஜான்ஸ் வுட்டிலிருந்து சிட்டி ரோடு வரை, 4 லட்சம் வோல்ட் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கம்பிகள் 1979-இல் இந்தப் பாதையின் அடியில் புதைக்கப்பட்டன. அவை சூடேறாமல் இருக்கக் கால்வாய்த் தண்ணீரையே எடுத்துச் சுற்றவிடுகிறார்கள்.

வெடித்த பாலம்

அவென்யூ சாலையைத் தாங்கி நிற்கும் மேக்கிள்ஸ்ஃபீல்ட் பாலத்தின் அடியில் பத்து நிமிடமாவது நின்று பார்க்க வேண்டும். 1874 அக்டோபர் 2 அன்று விடியற்காலையில், நீராவிப் படகு இழுத்துச் சென்ற படகு வரிசையில் இருந்த டில்பரி என்ற படகு, வெடிமருந்தும் பெட்ரோலியமும் ஏற்றியிருந்த நிலையில் சரியாக இந்தப் பாலத்தின் அடியில் வெடித்தது. படகில் இருந்த மூவரும் இறந்தார்கள், பாலம் தரைமட்டமானது. மீண்டும் கட்டியபோது, உடையாமல் தப்பிய பழைய வார்ப்பிரும்புத் தூண்களையே எடுத்து நிறுத்தினார்கள். தூணின் தலைப்பகுதியில் அதை வார்த்த கோல்புரூக்டேல் ஊரின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதை இன்றும் படிக்கலாம்.

இப்போது அந்தத் தூண்களில் ஒன்றின் அருகே போய், தண்ணீரை நோக்கிய பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். படகை இழுத்த கயிறு, ஈரமும் மணலும் சேர்ந்து, ஆண்டுக் கணக்கில் உரசி உரசி இரும்பையே அறுத்து உண்டாக்கிய பள்ளங்கள் விரலில் படும். பிறகு அதே தூணின் மறுபக்கத்தைத் தடவுங்கள். கயிறு படவே வாய்ப்பில்லாத அந்தச் சுவர்ப் பக்கத்திலும் அதே போன்ற பள்ளங்கள் இருக்கும். மறுபடி நிறுத்தியபோது தூண்களைத் திருப்பி வைத்துவிட்டார்கள் என்பதுதான் அதன் விளக்கம்: ஒரு பக்கத்துப் பள்ளம் வெடிவிபத்துக்கு முந்தியது, மறுபக்கத்துப் பள்ளம் பிந்தியது. இந்த விபத்தைப் பற்றி எத்தனை முறை படித்திருந்தாலும், அந்த இரண்டு பக்கங்களையும் தொட்ட பிறகுதான் அது எனக்கு மனத்தில் பதிந்தது.

ரீஜன்ட்ஸ் பூங்காவும் பிரிம்ரோஸ் ஹில்லும்

பாலத்தின் மேலேறி வலப்பக்கம் போனால் ரீஜன்ட்ஸ் பூங்கா. பிரிம்ரோஸ் ஹில்லையும் சேர்த்தால் ஏறத்தாழ 166 ஹெக்டேர் பரப்பு. நாஷ் 1811-இல் இதற்குத் திட்டம் வரைந்தபோது, செல்வந்தர்களுக்காக 56 மாளிகைகளை மரங்களுக்கிடையே அமைப்பதே நோக்கமாக இருந்தது. எட்டு மட்டுமே எழும்பின. கால்வாயைப் பூங்காவின் நடுவே ஓடவிட்டால் அழகாக இருக்கும் என்றும் அவர் முதலில் எண்ணினார். ஆனால் படகுக்காரர்களின் பேச்சு மாளிகைவாசிகளின் காதில் விழக்கூடாது என்பதற்காக, அது வடக்கு விளிம்புக்குத் தள்ளப்பட்டு, பள்ளத்தில் மறைக்கப்பட்டது. இந்த நீண்ட பகுதியில் கரையின் இருபுறமும் சரிவாக உயர்ந்து, மரங்கள் கவிந்து, நகரம் கண்ணுக்கே தெரியாமல் போவது அதனால்தான். ஒதுக்கி வைத்ததன் பயனை இன்று நாம் அனுபவிக்கிறோம். பொதுமக்களுக்குப் பூங்காவின் ஒரு பகுதி 1835-இல்தான், அதுவும் தொடக்கத்தில் வாரத்துக்கு இரண்டு நாட்களே, திறந்துவிடப்பட்டது.

ஜூன் மாதமாக இருந்தால் உள்வட்டச் சாலைக்குள் இருக்கும் குவீன் மேரி தோட்டம் வரை போய்வாருங்கள். ஏறத்தாழ 12,000 ரோஜாச் செடிகள் அங்கே பூத்திருக்கும். மற்ற மாதங்களில் நேரம் குறைவாக இருப்பவர்கள் அதைத் தவிர்த்துவிட்டுக் கால்வாயிலேயே தொடரலாம்.

அடுத்து வருவது 1828-இல் தொடங்கப்பட்ட லண்டன் உயிரியல் பூங்கா; அதன் இரு பகுதிகளுக்கும் நடுவேதான் கால்வாய் ஓடுகிறது. இடப்பக்கச் சரிவில், கம்பிகளால் இழுத்துக் கட்டப்பட்டு அந்தரத்தில் நிற்பது போலத் தெரியும் பெரிய வலைக் கூண்டு 1960-களில் பறவைகளுக்காக அமைக்கப்பட்டது. 2022 முதல் அதில் கருப்பு வெள்ளைக் குரங்குகள் வாழ்கின்றன. நுழைவுச் சீட்டு வாங்காமலே அவை தாவுவதைக் கரையிலிருந்து பார்க்கலாம்.

சிவப்பு நிறத்தில் மிதக்கும் சீன உணவகம் ஒன்று தெரியும் இடத்தில் கால்வாய் இடப்பக்கம் சட்டென்று திரும்பும். ஒரு காலத்தில் இங்கிருந்து கம்பர்லாண்ட் சந்தை வரை ஒரு கிளை நேராகப் போனது. இரண்டாம் உலகப் போரின்போது அதைத் தூர்த்துவிட்டார்கள். அந்தத் திருப்பத்தில் உள்ள செயின்ட் மார்க் தேவாலயத்துக்கு அருகே மேலேறி, சாலையைக் கடந்து பிரிம்ரோஸ் ஹில்லுக்குப் போய்வாருங்கள். பெயரில் குன்று என்று இருந்தாலும் கடல் மட்டத்திலிருந்து உயரம் 60 மீட்டரைச் சற்றே தாண்டுகிறது. புல் சரிவில் பத்து நிமிட ஏற்றம். 1842-இல் சட்டத்தின் வழியே பொதுமக்களுக்கு உரியதாக்கப்பட்ட இந்த மேட்டிலிருந்து செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடம் தெரிவதை மறைக்கும்படி இடையே கட்டடம் எழுப்பக் கூடாது என்று விதி இருக்கிறது. கையில் கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தையோ இட்லியையோ பிரிப்பதற்கு இந்த வழியில் இதைவிட நல்ல இடம் இல்லை.

கேம்டனும் கிங்ஸ் கிராஸும்

ஏறிய வழியிலேயே இறங்கிக் கரைக்கு வந்து கேம்டன் நோக்கி நடக்கும்போது, பாதையின் விளிம்பில் தண்ணீருக்குள் இறங்கும் சிறு சரிவுகளைத் தேடுங்கள். அருகே ரயில் ஓசை கேட்டு மிரண்டு தண்ணீரில் விழுந்த குதிரைகளை நடத்தி மேலேற்றுவதற்காக வெட்டியவை அவை.

கேம்டனில் முதல் லாக் வருகிறது. இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்பதைப் படகு ஒன்று கடக்கும்போது நின்று பார்ப்பது நல்லது. கல் சுவர்களுக்கு நடுவே ஒரு தொட்டி. அதன் இரு முனைகளிலும் கனமான இரட்டைக் கதவுகள். மூடும்போது கதவுகள் மேல்மட்டத் தண்ணீரை நோக்கிக் கூராக முட்டி நிற்பதால், அந்தத் தண்ணீரின் அழுத்தமே அவற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கீழே போகும் படகு தொட்டிக்குள் வந்ததும் மேல் கதவை மூடி, இரும்புக் கைப்பிடியைச் சுழற்றிக் கீழ்ப்புற மதகைத் திறப்பார்கள். தண்ணீர் வடிய வடியப் படகு இறங்கி, இரு பக்கமும் மட்டம் ஒன்றானதும் கதவின் நீண்ட மர உத்தரத்தை முதுகால் தள்ளித் திறப்பார்கள். மட்டம் ஒன்றாகாதவரை எத்தனை பேர் தள்ளினாலும் கதவு அசையாது. இந்தக் கால்வாயில் எல்லா லாக்குகளும் முதலில் இரட்டையாகவே கட்டப்பட்டன. இரண்டு தொட்டிகளும் இன்றுவரை இயங்குவது கேம்டனில் மட்டுமே.

சந்தை நாட்களில் கேம்டனில் கூட்டம் நெரியும். பகல் பதினொரு மணிக்கு முன்பே கடந்துவிடுவது நல்லது. அடுத்த இரண்டு கிலோமீட்டர் சாதாரணமானது, விரைந்து நடக்கலாம். செயின்ட் பாங்கிராஸ் லாக்கின் எதிரே உயர்ந்த இரும்பு வளையங்கள் தெரியும்போது மறுபடி வேகத்தைக் குறையுங்கள். விக்டோரியா காலத்து எரிவாயுக் கலன்களின் சட்டகங்கள் அவை. கழற்றி, பழுதுபார்த்து, கால்வாயின் வடகரையில் மீண்டும் நிறுத்தினார்கள். ஒன்றின் வட்டத்துக்குள் இப்போது சிறு பூங்கா. மற்ற மூன்றுக்குள் குடியிருப்புகள். சற்றுத் தள்ளியுள்ள கிரானரி சதுக்கம் முன்பு படகுகள் வந்து நின்ற துறை. 1852-இல் கட்டிய தானியக் கிடங்கில் இப்போது கலைக் கல்லூரி நடக்கிறது. தண்ணீரை நோக்கி இறங்கும் அகன்ற படிகளில் வெயில் நன்றாக விழும். கால்களுக்கு ஓய்வு கொடுக்க ஏற்ற இடம்.

இங்கிருந்து சிறிது தொலைவில், நியூ வார்ஃப் சாலையில் லண்டன் கால்வாய் அருங்காட்சியகம் இருக்கிறது. ஐஸ்கிரீம் வியாபாரத்தால் பெயர் பெற்ற கார்லோ காட்டி, நார்வேயிலிருந்து கப்பலில் வந்த இயற்கைப் பனிக்கட்டியை லைம்ஹவுஸில் இறக்கி, இதே கால்வாய் வழியே கொண்டுவந்து சேமித்த கிடங்கு அது. தரைக்கடியில் உள்ள பனிக்கட்டிக் கிணறுகளை இன்றும் பார்க்கலாம்.

இஸ்லிங்டன் மேடு

கிங்ஸ் கிராஸைத் தாண்டியதும் பாதை மறுபடி நின்றுபோகும். இஸ்லிங்டன் சுரங்கம் 878 மீட்டர் நீளம். நேர்கோட்டில் தோண்டப்பட்டதால், வாயிலில் குனிந்து பார்த்தால் மறுமுனை வெளிச்சம் ஒரு புள்ளியாகத் தெரியும். குதிரை மேட்டின் மேல் நடந்து போக, படகுக்காரர்கள் படகில் மல்லாந்து படுத்து, சுரங்கச் சுவரைக் காலால் உதைத்து உதைத்துப் படகை நகர்த்தினார்கள். 1826-இல் சங்கிலியைப் பற்றி இழுக்கும் நீராவிப் படகு வந்த பிறகே அந்தக் கடும் உழைப்பு தீர்ந்தது.

முதல் முறை நான் வழி தவறி அரை மணி நேரம் அலைந்தது இந்த மேட்டில்தான். குடியிருப்புகளுக்கு நடுவே போகும் பாதையில் தண்ணீரின் திசை மறந்துவிடுகிறது. சரிவில் ஏறி முரியல் தெருவை அடைந்து, வழிகாட்டும் பலகைகளைப் பார்த்துக்கொண்டே சேப்பல் மார்க்கெட்டுக்கு வாருங்கள். அங்கிருந்து ஏஞ்சல் நிலையத்தருகே பெரிய சாலையைக் கடந்து, டங்கன் தெருவில் நேராக இறங்கினால், தெருவின் முடிவில் கால்வாய் மீண்டும் கீழே தெரியும். சந்தையில் பழம் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு சிட்டி ரோடு, வென்லாக், கிங்ஸ்லாண்ட் என்று படகுத்துறைகள் அடுத்தடுத்து வரும். சனிக்கிழமையாக இருந்தால் பிராட்வே மார்க்கெட்டில் மேலேறி மதிய உணவு சாப்பிடலாம்.

விக்டோரியா பூங்கா

போனர் பாலத்தில் ஏறி, நாய்ச் சிலைகள் இரண்டு காவல் காக்கும் வாயில் வழியே விக்டோரியா பூங்காவுக்குள் போங்கள். காலையில் பார்த்த பூங்கா மாளிகைகளுக்காக வரையப்பட்டது. இது ஏழைகள் கேட்டு வாங்கியது. கிழக்கு லண்டனின் நெருக்கத்தில் மக்கள் நோயால் மடிந்துகொண்டிருந்த நிலையில், அங்கே ஒரு பூங்கா அமைந்தால் உயிர்கள் காக்கப்படும் என்று 1839-இல் புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் தம் அறிக்கையில் எழுதினார். அடுத்த ஆண்டு 30,000 பேர் கையெழுத்திட்ட விண்ணப்பம் விக்டோரியா அரசியிடம் போனது. 1841-இல் சட்டம் வந்தது; அரசுக்குச் சொந்தமான ஒரு மாளிகையின் உரிமையை 72,000 பவுண்டுக்கு விற்று நிலம் வாங்கினார்கள்; 1845-இல் மக்கள் உள்ளே வந்தார்கள். இதை வடிவமைத்த ஜேம்ஸ் பென்னத்தார்ன், நாஷிடம் தொழில் கற்றவர் என்பதை நினைத்தபடி அந்த ஏரிக்கரையில் நடந்து பாருங்கள். குருவின் வளைவுகளும் மரக்கூட்டங்களும் சீடர் கையில் யாருக்காக வந்து சேர்ந்தன என்பது தெரியும்.

தலைவர்கள் வந்து பேசிய திறந்தவெளி மேடையாகவும் இந்தப் புல்வெளி இருந்தது. பேசியவர்களில் அன்னி பெசன்ட் ஒருவர். அடையாறில் பிரம்மஞான சபையின் தலைவராகவும், தன்னாட்சி இயக்கத்தின் தலைவியாகவும் நாம் அறிந்திருக்கும் அதே அம்மையார், 1888-இல் பூங்காவுக்கு அருகிலுள்ள போ (Bow) பகுதியின் தீப்பெட்டித் தொழிற்சாலையில் பெண்கள் பட்ட துன்பத்தை எழுதி வெளிக்கொணர்ந்தார்; ஏறத்தாழ 1,400 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கி வென்றார்கள். அடையாறு ஆலமரத்தின் நிழலில் நின்றிருக்கும் தமிழருக்கு இந்தப் புல்வெளி அந்நியமாக இருக்காது.

பூங்காவின் கிழக்குக் கோடி வரை போனால், 1831-இல் இடிக்கப்பட்ட பழைய லண்டன் பாலத்தின் கல் மாடங்கள் இரண்டைக் காணலாம். பாலத்தில் நடந்தவர்கள் ஒதுங்கி நிற்பதற்காக இருந்த அவற்றை 1860-இல் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். உள்ளே இருக்கையில் உட்கார்ந்து தெர்மாஸில் மிச்சமிருக்கும் தேநீரைக் குடிக்கலாம்.

லைம்ஹவுஸ் வரை

களைத்தவர்கள் இங்கேயே பேருந்து பிடிக்கலாம். மற்றவர்களுக்கு இன்னும் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் இருக்கிறது. கரைக்குத் திரும்பித் தெற்கே நடந்தால், விக்டோரியா பூங்காவின் தெற்கு ஓரமாக 1830-இல் வெட்டப்பட்ட ஹெர்ட்ஃபோர்ட் யூனியன் கால்வாய் இடப்பக்கம் பிரியும். அதைப் பாலத்தால் கடந்து நேராகவே போங்கள். மைல் எண்ட் பூங்காவை அடுத்து, கோப்பர்ஃபீல்ட் சாலையில் உள்ள பழைய கிடங்குகள் தண்ணீரோரம் நிற்கும். அவற்றில் 1877 முதல் சமூக சேவகர் தாமஸ் பர்னார்டோ ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி நடத்தினார். இப்போது அது அருங்காட்சியகம்.

கடைசி லாக்கைத் தாண்டியதும் சுவர்கள் விலகி, லைம்ஹவுஸ் துறையின் அகன்ற நீர்ப்பரப்பு திறக்கும். கப்பலில் வந்த நிலக்கரியும் மரமும் படகுகளுக்கு மாறிய இடம் இது. இன்று பாய்மரப் படகுகள் நிற்கின்றன. துறையைச் சுற்றிக்கொண்டு நாரோ தெருவுக்குப் போய், தேம்ஸுக்கும் துறைக்கும் இடையே உள்ள பெரிய கதவின் அருகே நில்லுங்கள். காலையில் லிட்டில் வெனிஸில் அசையாமல் கிடந்த தண்ணீர் முடியும் இடத்தில், எதிரே ஆறு கடலின் ஏற்ற இறக்கத்தோடு ஏறிக்கொண்டோ வடிந்துகொண்டோ இருக்கும். லைம்ஹவுஸ் ரயில் நிலையம் அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கிறது.